நூற்றுப் பத்துக்குக் கீழே

எனக்கு நோய் முதலில் பல்வலியாக வந்தது.

திண்டிவனத்தில் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் டிரில் டீச்சர். அப்போது வயது நாற்பத்தைந்து. காலை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கயிறு தாண்டிக் காட்டும்போது கீழ்த்தாடையில் இடது பக்கம் கடுக்கும். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சற்று நின்றால் போய்விடும். மறுபடி தாண்டினால் மறுபடி வரும். பல்லுக்கும் கயிறு தாண்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை. பல் டாக்டரிடம் போனேன். அவர் தட்டிப் பார்த்துக் கடைவாய்ப் பல் ஒன்றைக் காட்டினார். பிடுங்கினோம். அது நல்ல பல். வலி போகவில்லை.

நெஞ்சு வலித்தால்தான் நெஞ்சு நோய் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் பல்லைப் பற்றி முதலில் சொல்கிறேன். அது தாடையில் வரும், தோளில் வரும், முழங்கையில் வரும். உழைக்கும்போது வந்து, நின்றால் போகிற வலி எதுவானாலும் ஒரு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பல் பிடுங்கிய புண் ஆறுவதற்குள் பெரிய வலி வந்துவிட்டது. தொடர் ஓட்டத்தில் கட்டையை எப்படிக் கைமாற்றுவது என்று மைதானத்தில் ஓடிக் காட்டிக்கொண்டிருந்தேன். தாடையில் தொடங்கியது, இந்த முறை நின்றும் போகவில்லை. தோளுக்கு இறங்கி, நெஞ்சைச் சுற்றி இறுக்கியது. சேலை வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததைப் பார்த்துப் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள், அதுவும் பயிற்சியில் ஒரு பகுதி என்று எண்ணி.

தலைமையாசிரியையான மதர் என்னை ஜட்கா வண்டியில் ஏற்றி உள்ளூர் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் ஊசி போட்டு, உடனே விழுப்புரம் கொண்டுபோகச் சொன்னார். என் கணவர் சவரிநாதன் மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். மண்டி முதலாளியின் காரைக் கேட்டு வாங்கி வந்தார். வழி முழுவதும் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

விழுப்புரத்தில் இ.சி.ஜி. (இதயத்தில் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக வரைந்து பார்ப்பது) எடுத்தார்கள். மாரடைப்பு என்றார்கள் (இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு, தசையில் ஒரு பகுதி செத்துவிடுவது). அதற்கு முன்பு வந்துபோன தாடை வலிக்கும் பெயர் இருந்தது: ஆஞ்சைனா (தசைக்கு ரத்தம் போதாதபோது வரும் இறுக்கம்).

அப்போது விழுப்புரத்தில் இதற்கு வைத்தியம் என்றால் படுக்கைதான். வாரக்கணக்கில் மல்லாந்து படுத்திருந்தேன். எழுந்து உட்காரக்கூடாது. தலை வாரக் கையைத் தூக்கக்கூடாது. கூழைக்கூட வேறொருவர் ஊட்ட வேண்டும். ஊட்டியவர் லூர்து அண்ணி.

அண்ணி என் கணவரின் அக்கா. ஐம்பத்தெட்டு வயது. கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டையும் கேப்பையும் பயிர் வைக்கிறவர். பிள்ளைகள் இல்லை. அவர் கணவர் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பகலில் கழனியிலிருந்து நடந்து வந்து, வாசலில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எனக்கு இப்படி ஆனதைக் கேள்விப்பட்டதும் நிலத்தைப் பங்காளியிடம் விட்டுவிட்டு ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார். எங்களுக்குள் அதுவரை பெரிய ஒட்டுதல் இல்லை. பெண் பிள்ளைகளைத் துள்ளிக் குதிக்க வைப்பது ஒரு உத்தியோகமா என்று கேட்டவர் அவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னவை எல்லாம் ‘கூடாது’ என்று முடிந்தன. மாடி ஏறக்கூடாது. தண்ணீர் இறைக்கக்கூடாது. வேகமாக நடக்கக்கூடாது. டிரிலை மறந்துவிட வேண்டும். அந்த டாக்டரின் முறை அது. அண்ணி அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

வீட்டில் முதல் முறை எழுந்து நின்றபோது என் தொடைகளைப் பார்த்தேன். இருபது வருஷம் ஓடிய கால்கள் அல்ல அவை. தோல் தொங்கியது. கொல்லைப்புறம் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. படுத்தால் இதயம் அடிப்பது காதில் கேட்டது. தலையணையில் காதை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டு, அடுத்தது வருமா என்று காத்திருப்பேன். நோயைவிட இதுதான் என்னை அதிகம் தேய்த்தது என்று நினைக்கிறேன்.

பங்குனியில் மதர் பார்க்க வந்தார்.

“ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போது வர முடியுமா ரெஜினா? டாக்டர் என்ன சொல்றார்னு கேட்டு வையம்மா. முடியலைன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார்: “அவ இனிமே எங்கியும் வரமாட்டா மதர். உசுரு இருந்தாப் போதும்.”

மதர் என்னைப் பார்த்தார். நான் என் கால்களைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் விழுப்புரம் போனபோது பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவருக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டே பேசுவார். என் கதை முழுவதையும் கேட்டார். பிறகு, “படி ஏறிப் பாப்போமா?” என்றார்.

அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அறையின் மூலையில் மரத்தாலான இரண்டு சிறு படிகள் இருந்தன. ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, திரும்பவும் ஏற வேண்டும். டாக்டர் பக்கத்தில் நின்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தாடையில் அந்தப் பழைய கடுப்பு லேசாகத் தலைகாட்டியது. சொன்னேன். உடனே நிறுத்தி உட்காரவைத்தார். நாடி நூற்று இருபத்தாறு. நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரை வைத்தார். வலி போய்விட்டது.

“இதயமும் ஒரு தசைதாம்மா. சும்மா வெச்சா மெலிஞ்சிடும், உங்க கால் மாதிரி. அளவுக்கு மீறி வேலை குடுத்தா வலிக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. அங்க வேலை குடுத்தா பலம் வரும்.”

“அது எவ்வளவு டாக்டர்?”

“இவ்வளவுன்னு எழுதி வெச்ச கணக்கு எங்கிட்ட இல்லை. இருபது வயசுப் பொண்ணுக்கு ஓடும்போது நூத்தி எழுபது போகும், ஒன்னும் ஆகாது. நாப்பத்தஞ்சுல அது இறங்கிடும். ஒரு தடவை அடிபட்ட இதயத்துக்கு இன்னும் இறங்கும். உங்களுக்கு நூத்தி இருபத்தாறுல வலி வருது. அதனால நூத்திப் பத்தைத் தாண்டாதீங்க. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழயே நடந்துக்கிட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. நடக்கும்போது பக்கத்துல இருக்கறவங்களோட பேச முடியணும். பேச்சு அறுபட்டா நின்னுடுங்க.”

அண்ணி குறுக்கே வந்தார். “ஐயா, எங்க வூட்டுக்காரரு நடந்துதான் செத்தாரு. நல்லாத்தான் இருந்தாரு. கழனியில இருந்து நடந்துகினு வந்தாரு, உக்காந்தாரு, பூட்டாரு.”

டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். “உங்க வீட்டுக்காரரை நான் பாக்கலைம்மா. அவரைப் பத்தி நான் ஒன்னும் சொல்லக்கூடாது. இவங்களைப் பாத்திருக்கேன். இவங்க நடக்கலாம்.”

நாடி பார்ப்பதை அன்று கற்றுக்கொண்டேன். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு விரலை வைக்க வேண்டும். கட்டைவிரலால் பார்க்கக்கூடாது, அதற்கே துடிப்பு உண்டு. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். நின்ற உடனே எண்ண வேண்டும். தாமதித்தால் இறங்கிவிடும், பொய் எண் கிடைக்கும்.

மறுநாள் காலை செருப்பைத் தேடினால் காணவில்லை. அண்ணி அதைத் தன் மூட்டைக்குள் வைத்திருந்தார். என் கணவர் இரண்டு பேரையும் பார்த்தார்.

“அக்கா, டாக்டரே சொல்லிட்டாரு.”

“டாக்டரு விழுப்புரத்துல கீறாரு. ரோட்டுல வுழுந்தா நீயா தூக்குவ? நீ மண்டிக்குப் பூடுவ.”

“அப்ப நீயும் கூடப் போ.”

அவர் அதைச் சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். பிறகு அண்ணி ஒரு சொம்புத் தண்ணீரும், முந்தானை முடிச்சில் என் மாத்திரையும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கொண்டுவந்து கீழே போட்டார்.

இப்படித்தான் நாங்கள் நடக்கத் தொடங்கினோம். ஏரிக்கரை வரை போவோம், திரும்புவோம். வேலை ஏதும் இல்லாமல் இரண்டு பெண்கள் ரோட்டில் நடப்பது எங்கள் ஊரில் யாருக்கும் புரியாத காரியம். எதிரே வருகிற எல்லாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். ஜட்காக்காரர் வண்டியை நிறுத்தி ஏறச் சொல்வார். மூன்றாம் நாள் அண்ணி ஒரு காலிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. பை எப்போதும் காலியாகவே இருப்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

பள்ளி ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருந்த ஸ்டாப் வாட்ச் என்னிடம் இருந்தது. குறிப்பிட்ட இடங்களில் நின்று எண்ணுவேன். முதல் வாரங்களில் அந்த எண்கள் என்னை ஏமாற்றின. மெதுவாகத்தான் நடந்திருப்பேன், நூற்றுப் பதினாறு காட்டும். ஒரு லாரி பின்னாலிருந்து ஆரன் அடித்திருக்கும், அவ்வளவுதான். அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த வருஷம் அது. ஒரு காலையில் அரிசி விஷயமாக அண்ணியோடு வார்த்தை தடித்துவிட்டது. வாசற்படியில் நின்றபடி எண்ணினால் நூறு. ஒரு அடிகூட எடுத்து வைத்திருக்கவில்லை.

இதயம் காலுக்கு மட்டும் வேலை செய்யவில்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கோபத்துக்கும் பயத்துக்கும் வெயிலுக்கும் காப்பிக்கும் அதே இதயம்தான் ஓட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே எண் ஏறியிருந்தால் அன்று நடக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அதையும் சேர்த்துக்கொண்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக எண்கள் ஒழுங்குக்கு வந்தன. அண்ணியின் நடைக்கு ஈடாக நடந்தால் நூற்றைந்துக்குப் பக்கத்தில் நின்றது. அண்ணி மெல்ல நடப்பார். எட்டிப் போட்டால் கையைப் பிடித்து இழுப்பார். எரிச்சலாக இருக்கும். ஆனால் தாடை வலி வரவேயில்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு பிற்பகல். அண்ணியின் நிலத்திலிருந்து வந்த மல்லாட்டையை வீட்டுக்கு எதிரே களத்தில் காயப் போட்டிருந்தோம். திடீரென்று கோடை மழை இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்ததும் நான் யோசிக்கவே இல்லை. உடம்புக்கு அது பழக்கம். ஓடினேன். தார்ப்பாயின் முனையைப் பிடித்து இழுத்து, மல்லாட்டையைக் குவித்து, கூடையில் அள்ளி, கூடையைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினேன். இரண்டாவது கூடையில் வலி வந்தது.

களத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை என் நாக்குக்கு அடியில் வைத்தார். மழை வலுத்தது. எழுந்து உள்ளே போகக்கூட முடியவில்லை. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். மல்லாட்டை நனைந்து, தண்ணீரோடு தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

“எங்க வலிக்குது?” என்றார்.

தாடையைத் தொட்டுக் காட்டினேன்.

“அவருக்கும் அங்கதான் வலிச்சிது,” என்றார். “கழனிக்குப் போறப்பல்லாம் வலிக்குதும்பாரு. வேப்பங்குச்சியை மாத்திப் பாத்தாரு. பொவையிலையை அடக்கிப் பாத்தாரு. யாரும் எங்களுக்கு ஒண்ணும் சொல்லல ரெஜினா.”

மழை விடும்வரை அப்படியே இருந்தோம். வலி அடங்கியிருந்தது. என் மணிக்கட்டை அவர் பிடித்திருந்தார். எண்ணத் தெரியாது அவருக்கு, சும்மா பிடித்திருந்தார்.

மறுநாள் விழுப்புரம் போனோம். டாக்டர் மறுபடி இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். புதிதாக ஒன்றும் கெடவில்லை. “நடக்கறதுக்கு உங்க இதயம் கத்துக்கிட்டிருக்கு. ஓடி, குனிஞ்சு, பாரம் தூக்கறதுக்கு இன்னும் கத்துக்கலை. எல்லாத்துக்கும் அதே நூத்திப் பத்துதான், மழை வந்தாலும்,” என்றார்.

பேச்சுக்கு நடுவில் அவர் பார்வை அண்ணிமேல் போனது. ஆஸ்பத்திரிப் படிகளை ஏறி வந்து வெகுநேரம் ஆகியும் அண்ணிக்கு மூச்சிரைப்பு நிற்கவில்லை. “கையைக் குடுங்கம்மா,” என்றார்.

“எனக்கு இன்னா? அவளைப் பாருங்க.”

“குடுங்க.”

நூற்று முப்பது. ரத்தக் கொதிப்பும் இருந்தது (ரத்தம் குழாய்ச் சுவரை அளவுக்கு மீறி அழுத்துவது). என் பின்னால் சொம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தவருக்குத்தான் இதயம் என்னைவிட அதிகமாக அடித்துக்கொண்டிருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லி மாத்திரை எழுதினார். அண்ணிக்கும் ஒரு எண் சொன்னார்: தொண்ணூற்றெட்டு.

பஸ்ஸில் அண்ணி மாத்திரைச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். மயிலம் தாண்டிய பிறகு, “எனுக்கு ஏன் கம்மி?” என்று கேட்டார்.

“உங்களுக்கு வயசு கூட அண்ணி. கொதிப்பும் இருக்குது.”

“அப்ப அது ஒவ்வொருத்தருக்கு ஒண்ணா?”

“ஆமாம்.”

“இது ஒரு பேஜாரு,” என்றார். ஆனால் அன்று மாலையே தன் மணிக்கட்டில் துடிப்பைத் தேடிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பதினைந்து விநாடி எண்ண நான் கற்றுக்கொடுத்தேன். பெருக்கல் அவருக்குப் பிடிக்கவில்லை. இருபத்து நாலுக்கு மேல் போனால் நிற்கணும், அவ்வளவுதானே என்றார். அவ்வளவுதான்.

இதைப் படிப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். என் எண்ணை எடுத்துக்கொண்டு நடக்காதீர்கள். அது என் வயதுக்கும் என் இதயத்தில் செத்துப்போன அந்தத் துண்டுக்கும் உரியது. உங்களுடையதை உங்கள் டாக்டர் உங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வைகாசியில் எனக்கு ஒரு புதிய சிக்கல் வந்தது. அதே தூரத்தை அதே நடையில் நடந்தால் இப்போது தொண்ணூற்றிரண்டுதான் காட்டியது. இதயம் அந்த வேலையைக் குறைந்த அடிகளில் முடிக்கப் பழகிவிட்டது என்றார் டாக்டர். நான் வேகத்தைக் கூட்ட வேண்டும். அண்ணியால் கூட்ட முடியாது. தனியாகப் போக அவர் விடவும் மாட்டார். கடைசியில் ஏரிக்கரையில் நான் முன்னால் போய், திரும்பி அவரிடம் வந்து, மறுபடி முன்னால் போய்த் திரும்புவது என்று ஆனது. அவர் நேராக நடக்கும் தூரத்தைப் போல நான் ஒன்றரை மடங்கு நடந்தேன். மாடு மேய்ப்பவர்கள் சிரித்தார்கள். அண்ணி அவர்களிடம், “டாக்டரு சொல்லிக்கீறாரு,” என்பார்.

ஜூனில் பள்ளிக்குப் போனேன். நடக்கலாம், நிற்கலாம், விசில் ஊதலாம், தாண்டிக் காட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதர் அதைக் கேட்டுக்கொண்டு, பெரிய வகுப்புகளுக்கு ஒரு இளம் டீச்சரை வைத்தார். எனக்குச் சின்ன வகுப்புகளின் டிரிலும் தையலும் மிஞ்சின. தையல் எனக்கு வராது. பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன்.

முதல் வாரம் அந்த இளம் டீச்சர் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்ததை வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் நாடி எவ்வளவு இருக்கும் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. பொறாமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. சில நாள் இருந்தது. பிறகு குறைந்தது.

மூன்று வருஷங்கள் ஆகின்றன. தாடை வலி எப்போதாவது வரும், மாத்திரையில் போகும். முன்பெல்லாம் என் உடம்பு எனக்குச் சொன்னபடி செய்யும் ஒரு பொருளாக இருந்தது. நான் விசில் ஊதினால் அது ஓடும். இப்போது அது முதலில் சொல்கிறது, நான் கேட்டுக்கொள்கிறேன். நேரமும் மாறிவிட்டது. ஒரு தூரத்தை எவ்வளவு சீக்கிரம் கடக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே இருபது வருஷம் போயிற்று. இன்று எனக்கு நேரம் என்பது மூச்சு பழைய நிலைக்கு வர ஆகிற அளவு.

போன மாதம் அண்ணியும் நானும் விழுப்புரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு, ரயிலில் திரும்பலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனோம். என் கணவரும் வந்திருந்தார். அடுத்த பிளாட்பாரத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது. நாங்கள் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். ஏறி முடித்ததும் பாலத்தின் மேல் அண்ணி நின்று மணிக்கட்டில் விரலை வைத்தார். நானும் நின்று என்னுடையதைப் பார்த்தேன். நூற்று எட்டு. என் கணவர் அந்தப் பக்கம் இறங்கி வண்டிக்குப் பக்கத்தில் போய்விட்டார். அங்கிருந்து கையை ஆட்டினார்.

“ஜல்தி வாங்க. வண்டி எடுக்கப் போறான்.”

கார்டு விசில் ஊதினார். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் காலுக்குக் கீழே போயின. கடைசிப் பெட்டியும் போன பிறகு என் கணவர் படியேறி எங்களிடம் திரும்பி வந்தார்.

“போயிடுச்சு,” என்றார்.

“போவட்டும்,” என்றார் அண்ணி, விரலை எடுக்காமல். “எனுக்கு இன்னும் எறங்கல.”

அவர் எண்ணிக்கொண்டிருந்தார். என்னுடையது இறங்கியிருந்தது. கைப்பிடியில் சாய்ந்து நின்று, அவருடையது இறங்கும்வரை காத்திருந்தேன்.